கீழ்ச் செட்டு ஏன் நிற்பதில்லை? இரண்டு மில்லிமீட்டர் திருகின் கதை

பல் செட்டு போட்டிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மேல் செட்டைப் பற்றிப் பெரிதாகப் புகார் வராது. திட்டெல்லாம் கீழ்ச் செட்டுக்குத்தான். பேசும்போது எழும்பும், முறுக்கைக் கடித்தால் நழுவும், ஒரு தக்காளி விதை அடியில் போய் மாட்டிக்கொண்டால் உயிர் போகும். கடைசியில் கீழ்ச் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, மேல் செட்டை மட்டும் கல்யாணம் காட்சிக்கு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய பேர்.

செய்து கொடுத்த டாக்டரை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்கிறது. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம் இருக்கிறது, சுற்றிலும் ஓரம் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் தண்ணீர் விட்டு ஒட்டினால் பிரிக்கக் கஷ்டப்படுவோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. கீழே அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருப்பதால் செட்டு லாட வடிவத்தில்தான் இருக்க முடியும். அது உட்காரும் பரப்பு மேல் தாடையோடு ஒப்பிட்டால் பாதிதான். உள்ளே இருந்து நாக்கு தள்ளும், வெளியே இருந்து கன்னமும் உதடும் தள்ளும், வாயின் தரையே விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பொருளை வைத்து "நில்லு" என்றால் எப்படி நிற்கும்?

இந்த ஒரு சிக்கலுக்கு 200 வருஷத்துக்கும் மேலாக விடை தேடியிருக்கிறார்கள். இப்போது பல் ஆஸ்பத்திரிகளில் 'மினி இம்ப்ளாண்ட்' என்ற பெயரில் தாடையில் நாலு சின்னத் திருகு வைத்து அதன்மேல் செட்டை மாட்டிவிடுகிறார்கள் அல்லவா, அது அந்தத் தேடலில் மிகவும் பிந்தி வந்த ஒன்று. வந்த விதமும் கொஞ்சம் வேடிக்கையானது.

முதலில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் போவோம். அவருக்கு மரப் பல் இருந்தது என்பது சும்மா கட்டிவிட்ட கதை. அவருடைய செட்டுகளில் இருந்தவை நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், மாட்டுப் பற்கள், ஈயம், பித்தளை. 1789-இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவருடைய பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் அந்த ஒற்றைப் பல்லுக்காகக் கீழ்ச் செட்டில் ஒரு துளை விட்டுச் செய்து கொடுத்தார். செட்டு அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தத் துளையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் பின்பக்கத்தில் எஃகு ஸ்பிரிங் இணைத்தது. ஸ்பிரிங் இரண்டையும் எதிரெதிரே தள்ளும், அந்த விசையில் மேல் செட்டு மேலேயும் கீழ்ச் செட்டு கீழேயும் ஒட்டி நிற்கும். ஆனால் வாயை மூட வேண்டும் என்றால் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் வாய் திறந்துகொள்ளும். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த படத்தை வைத்துத்தான் ஒரு டாலர் நோட்டில் இருக்கும் வாஷிங்டன் முகம் வந்தது. அந்த உதடுகளைப் பாருங்கள்: புடைத்து, இறுகி. கம்பீரம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு ஸ்பிரிங்குடையது.

அந்த மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1784 மே மாதத்து மவுண்ட் வெர்னன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: 9 பற்களுக்காக 'நீக்ரோக்களுக்கு' 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக. பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாயிலிருந்து எடுத்த பற்கள். அந்த 9 பல் அவர் வாய்க்குத்தான் போயிற்றா என்பதைக் கணக்கு சொல்லவில்லை. யார் யாருடைய பல் என்றும் சொல்லவில்லை. பணம் கொடுத்திருக்கிறார்களே என்று யாராவது சமாதானம் சொல்லலாம். மாட்டேன் என்று சொல்ல முடியாத ஆளிடம் வாங்கியதை வியாபாரம் என்று என்னால் எழுத முடியவில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக்கிடந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பல் செட்டு சாதாரண ஜனங்களிடம் வந்து சேர இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டியிருந்தன. ஒன்று, வலியில்லாமல் பல் பிடுங்குவது. 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தைப் பொதுவில் காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். பல் செட்டு வியாபாரம்தான் அவருடைய அக்கறை. பழைய வேர்களை எல்லாம் பிடுங்கினால்தான் செட்டு சரியாக உட்காரும். வலிக்குப் பயந்து ஆட்கள் வர மறுத்தார்கள். உலகத்தின் அறுவை சிகிச்சையையே மாற்றிய மருந்துக்குப் பின்னால் இப்படி ஒரு கடைக் கணக்கும் இருந்திருக்கிறது.

இரண்டாவது, மலிவான பொருள். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தையைக் கண்டுபிடித்தது 1839-இல். அவருடைய தம்பி நெல்சன் அதைக் கெட்டி ரப்பராக்கினார். அதுதான் வல்கனைட். வாயில் அச்சு எடுத்து, அந்த அச்சிலேயே வேகவைத்தால் ஈறுக்கு அப்படியே பொருந்தும் அடித்தட்டு கிடைத்துவிடும். தந்தத்தைச் செதுக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். மேல் செட்டு ஸ்பிரிங் இல்லாமலே ஒழுங்காக ஒட்டி நின்றது.

ஆனால் 1864-இல் வல்கனைட் செட்டுக்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார்கள். அதைக் கையில் வைத்திருந்த கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய், கட்டணம் கட்டாத பல் மருத்துவர்கள் மேல் கேஸ் போட்டார். சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அவருக்கு பயந்து நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கே ஓடியவர். பேக்கன் அங்கேயும் வந்துவிட்டார். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஓட்டல் அறை. சால்ஃபன்ட் கையில் துப்பாக்கி. பேக்கன் செத்துப்போனார். சால்ஃபன்டுக்கு 10 வருஷம் சிறை. 1881-இல் பேட்டன்ட் காலாவதியானதும் கம்பெனி அதைப் புதுப்பிக்க முயலவில்லை.

1930களின் கடைசியில் அக்ரிலிக் வந்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் ரோஸ் நிற ஈறு அதுதான். பார்க்க அழகு, செய்ய சுலபம். கீழ்ச் செட்டு மட்டும் வாஷிங்டன் காலத்து மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது.

எத்தனை பேருக்கு இது பிரச்சனை என்பதற்கு பிரிட்டனைப் பார்த்தால் போதும். 1948-இல் தேசிய சுகாதார சேவை ஆரம்பித்தபோது பல் செட்டுக்கு வந்த கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. செலவு தாங்காமல் 1951-இல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் போட்டார்கள். எல்லாருக்கும் இலவசம் என்று அந்தச் சேவையையே உருவாக்கிய அனைரின் பெவன், இதை எதிர்த்து மந்திரி பதவியை விட்டு விலகினார். 1968-இல் எடுத்த கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. 2009-இல் அது 6 சதவீதமாகக் குறைந்தது.

இந்த இடத்தில் கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல் போனால் பல்லோடு போவதில்லை, எலும்பும் போகிறது. வேர் இருக்கும்வரை கடிக்கிற விசை எலும்புக்குப் போய் அதை உயிரோடு வைத்திருக்கும். வேர் போனதும் அந்த வரப்பு கரைய ஆரம்பித்துவிடும். ஆன்ட்யே டால்கிரன் என்ற ஆராய்ச்சியாளர் செட்டு போட்டவர்களை 25 வருஷம் வரை பின்தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்த் தாடையின் முன்பக்கம், மேல் தாடையைவிட ஏறத்தாழ நாலு மடங்கு கரைந்திருந்தது. நிற்க இடமே இல்லாத கீழ்ச் செட்டுக்கு இருக்கிற இடமும் வருஷா வருஷம் குறைகிறது என்று அர்த்தம். சிலருக்கு வரப்பு கரைந்து கரைந்து, தாடைக்குள்ளிருந்து உதட்டுக்கு வரும் நரம்பு எலும்பின் உச்சிக்கே வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கடியும் அந்த நரம்பின் மேல்தான். அவர்களிடம் போய் "பழகிக்கோங்க" என்று சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை.

எலும்பிலேயே எதையாவது ஊன்றிவிடலாம் என்ற யோசனை பழசு. ஹோண்டுராஸில் 1931-இல் கிடைத்த ஒரு மாயன் தாடையில், கீழ் முன்பற்கள் இருக்க வேண்டிய குழிகளில் சிப்பியைப் பல் மாதிரி தேய்த்துச் செருகியிருக்கிறார்கள். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது 1970 வாக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதாவது ஆள் உயிரோடிருந்தபோதே வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய சமாச்சாரம். நவீன காலத்தில் தங்கம், பிளாட்டினம், கோபால்ட் கலவை என்று பலர் பலதை முயன்றார்கள். பெரும்பாலும் கொஞ்ச நாளில் உலோகத்தைச் சுற்றி நார்த்திசு படர்ந்து, ஆட்டம் கண்டு, சீழ் பிடித்து வெளியே வந்தன.

அடுத்து எல்லாரும் சொல்லும் பெயர்: பெர்-இங்வார் பிரேனமார்க். ஸ்வீடன்காரர். பல்லுக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. 1950களில் முயல் காலெலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக டைட்டானியத்தில் ஒரு சின்னக் கூடு செய்து எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்தது. கூட்டைத் திரும்ப எடுத்து அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒட்டும் என்பதை 1940-இலேயே வேறு சிலர் பூனைகளில் கண்டு எழுதியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேனமார்க் விடாப்பிடியாக அதன் பின்னாலேயே போனார் என்பதுதான் வித்தியாசம்.

(நடுவில் ஒரு சின்னத் தகவல். டைட்டானியத்துக்கான முக்கியத் தாது இல்மனைட். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பாகக் கிடக்கிறதே மணல், அதில் இருப்பது. உலகத்தில் வெட்டி எடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பங்கு உலோகமாவதே இல்லை, பெயின்டுக்கான வெள்ளை நிறமியாகப் போய்விடுகிறது.)

1965-இல் கோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த் தாடையில் நாலு டைட்டானியத் திருகுகளை வைத்தார் பிரேனமார்க். லார்சனுக்குப் பிறவியிலேயே அண்ணப் பிளவு, தாடைக் குறைபாடு, கீழே பற்களும் இல்லை. சாப்பிடவும் பேசவும் சிரமப்பட்ட மனிதர். 2006-இல் அவர் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அந்தத் திருகுகள் வேலை செய்தன.

ஸ்வீடனின் பல் மருத்துவ உலகம் இதைக் கைதட்டி வரவேற்றது என்று நினைத்தால் தப்பு. பல் மருத்துவர் அல்லாத ஆள் நம்ம வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறார் என்ற எரிச்சல். 1969-இல் லாண்ட்ஸ்க்ரோனாவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்டில் தன்னைப் பற்றி வரவைத்துக்கொள்ளும் ஆளை நான் நம்ப மாட்டேன் என்றாராம். அந்தப் பேராசிரியர் ஒரு குறிப்பிட்ட பிராண்டு பல்குச்சிக்கு சிபாரிசு கொடுத்தவர். பிரேனமார்க் உடனே எழுந்து, பல்குச்சி டப்பாவில் விளம்பரம் கொடுக்கிறவர்களை நான் நம்ப மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தாராம். 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா இதை ஏற்றுக்கொண்டது.

பிரேனமார்க் முறை கறாரானது. ஈறைக் கீறித் திறக்க வேண்டும், திருகை எலும்பில் புதைத்துத் தைத்து மூட வேண்டும், கீழ்த் தாடைக்கு மூன்று மாதம், மேல் தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு மறுபடி திறக்க வேண்டும். திருகின் விட்டம் 3.75 மி.மீ. சுற்றிலும் எலும்பு வேண்டும் என்றால் வரப்பு ஆறு மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். இதில்தான் முரண் இருக்கிறது. செட்டு நிற்காமல் அவதிப்படுகிறவர் யார்? எலும்பு கரைந்து கத்தி முனை மாதிரி ஆகிப்போன வயசானவர். அவருக்கு வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டு வைக்க வேண்டும். 75 வயசில், சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் நீளும் வைத்தியத்துக்கு எத்தனை பேர் தயாராவார்கள்? பணம் வேறு.

சின்னத் திருகு இந்த இடைவெளியில் நுழைந்தது, அதுவும் பின்வாசல் வழியாக. பெரிய இம்ப்ளாண்ட் எலும்போடு சேரும்வரை அந்த மாதங்களில் நோயாளி எதை வைத்துச் சாப்பிடுவார்? அதுவரை தற்காலிகப் பல்லைத் தாங்க இரண்டு மி.மீ. பருமனில் மெல்லிய திருகுகளை இடையிடையே வைத்தார்கள். வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடலாம் என்பதுதான் திட்டம். கழற்றப் போனபோது சிலது வரவில்லை. முயல் காலில் நடந்ததேதான். இதைத் தற்காலிகமாக மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் நியூயார்க் பல் மருத்துவர் விக்டர் செண்டாக்ஸ். 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவர் இந்த மெல்லிய திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னர் ஓக்லஹோமா மாநிலத்து ஆர்ட்மோரில் இருந்த ஐஎம்டெக் என்ற கம்பெனி அவருடைய வடிவமைப்பைத் தயாரித்தது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலுமாக, நீண்டகாலத்துக்கும் வைக்கலாம் என்ற நிலைக்கு அமெரிக்க அரசின் அனுமதி வந்து சேர்ந்தது. 2001-இல் செண்டாக்ஸ் முறையில் வைத்த இரண்டு திருகுகளைச் சில மாதம் கழித்து எலும்போடு வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆய்வு வெளியானது: எலும்பு நேராகத் திருகை ஒட்டியிருந்தது. 2008-இல் த்ரீஎம் கம்பெனி ஐஎம்டெக்கை வாங்கியது, பின்னாளில் அந்தத் தொழிலை விட்டு விலகவும் செய்தது.

வேலை நடக்கும் விதம் கேட்க எளிமையாக இருக்கும். மோவாய்ப் பக்கம், இரண்டு நரம்புத் துளைகளுக்கு நடுவில், மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைக் கிழிக்காமலே மெல்லிய துளை. அதில் திருகைக் கையாலேயே மெதுவாக முடுக்குகிறார்கள். துளை திருகைவிடச் சின்னது என்பதால் அது எலும்பை நெருக்கிக்கொண்டு தானே வழி பண்ணி இறங்கும், மரத்தில் ஸ்குரூ இறங்குகிற மாதிரி. சுத்த டைட்டானியம் இந்தப் பருமனில் தாங்காது என்பதால் அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கலவை. திருகின் தலை ஒரு சின்ன உருண்டை. செட்டின் அடியில் அதற்கு நேராக ஒரு கிண்ணி, கிண்ணிக்குள் ரப்பர் வளையம். அழுத்தினால் டிச் பட்டன் மாதிரி மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றிக் கழுவலாம். பழைய செட்டு நன்றாக இருந்தால் அதிலேயே கிண்ணியைப் பொருத்திவிடலாம். எலும்பில் போதுமான இறுக்கம் கிடைத்தால் அன்றைக்கே மாட்டியும் அனுப்புவார்கள். வளையம் மட்டும் குக்கர் காஸ்கெட் மாதிரி தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கிரீன்வுட் வாஷிங்டனின் ஒற்றைப் பல்லுக்கு விட்ட துளைக்கும் இந்தக் கிண்ணிக்கும் யோசனை ஒன்றுதான்: பாரத்தை ஈறு தாங்கட்டும், நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும் ஒரு முளை இருக்கட்டும்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா என்றால், இல்லை. 2002-இல் மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு வெறும் செட்டு இனி முதல் சிகிச்சையாக இருக்கக்கூடாது, குறைந்தது இரண்டு இம்ப்ளாண்டாவது வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது பெரிய இம்ப்ளாண்ட். பிரேனமார்க் வழியில் பத்து வருஷக் கணக்கோடு வந்தவர்களுக்கு, குறுகிய பயிற்சி முடித்துவிட்டு மறுநாளே திருகு போடும் பழக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தில் தொழில் போட்டியும் உண்டு, நியாயமும் உண்டு. மெல்லிய திருகு முறிய வாய்ப்பு அதிகம். கிழிக்காமல் துளைப்பது என்றால் எலும்பின் சரிவைக் கண்ணால் பார்க்காமல் துளைப்பது. கை தப்பினால் திருகு பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். உருண்டையும் திருகும் ஒரே துண்டு என்பதால் கோணல் ஆனால் திருத்த வழியில்லை. மென்மையான மேல் தாடை எலும்பில் இன்னும் சிரமம், அங்கே ஆறு திருகாவது கேட்கிறார்கள்.

பிரேசிலில் நடத்திய ஒரு சோதனை 2015-இல் வெளிவந்தது. எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் நேர்மையான சாட்சி அதுதான். கீழே பல்லே இல்லாத 120 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாலு மினி, ஒரு குழுவுக்கு இரண்டு மினி, மூன்றாவது குழுவுக்கு இரண்டு பெரிய இம்ப்ளாண்ட். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பெரியவற்றில் 99 சதவீதம் நின்றன. நாலு மினி வைத்தவர்களில் 89, இரண்டு மினி வைத்தவர்களில் 82. திருகைக் கேட்டால் பெரியதுதான் ஜெயித்தது. ஆனால் ஆட்களைக் கேட்டபோது, சாப்பிடுவது, பேசுவது, மனத் திருப்தி எல்லாவற்றிலும் மினி வைத்தவர்கள் பெரியது வைத்தவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. நாலில் ஒன்று போனாலும் மூன்று பிடித்துக்கொண்டிருக்கும். போன இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்கவும் முடியும்.

ஆகவே யாராவது வீட்டுப் பெரியவருக்காக விசாரிக்கிறீர்கள் என்றால், எலும்பு அகலமாக இருந்து, உடம்பும் பணமும் இடம் கொடுத்தால் பெரியது இரண்டு. வரப்பு மெலிந்துபோய், ஒட்டு அறுவைக்கு உடம்பு தாங்காது என்றால் மினி, அதுவும் நாலுக்குக் குறையாமல். முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து எலும்பின் அகலமும் சரிவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வளையம் மாற்ற எவ்வளவு ஆகும், அந்த பிராண்டு கிண்ணி ஐந்து வருஷம் கழித்தும் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிகள் கை மாறுகிற தொழில் இது.